மூன்றாம் தொட்டிலுக்கு மருந்து கொடுத்தவள்

மார்ச் 3, செவ்வாய்

கணினிப் பிரிவுத் தலைவி அவர்களுக்கு,

பச்சிளங்குழந்தை வார்டின் பொறுப்பு நர்ஸ் எழுதுவது. இன்று காலை எங்கள் வார்டில் மூன்றாம் தொட்டில் குழந்தைக்குத் தாங்கள் ஊசி போட்டிருக்கிறீர்கள். ஊசி என்ற சொல்லைக் கேட்டாலே அம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிற தாங்கள் இவ்வளவு தைரியசாலி ஆகிவிட்டது, கூடப் பிறந்தவள் என்ற முறையில் எனக்குப் பெருமைதான். ஆனால் ஊசி போட்டது நான். மருந்துப் பதிவில் ‘கொடுத்தவர்’ என்ற இடத்தில் நிற்பது மட்டும் தங்கள் பெயர்.

நடந்ததைச் சொல்கிறேன். புது கிளவுட் மென்பொருளுக்குள் நுழைய தாங்கள் அமைத்திருக்கும் புது லாகின் இன்று எங்கள் வார்டில் வெள்ளோட்டம் விடப்பட்டது. என் ஊழியர் எண்ணைத்தான் போட்டேன். பெரிய எழுத்து, சின்ன எழுத்து, எண், குறி என்று கேட்டதையெல்லாம் படைத்து உண்டாக்கிய பாஸ்வேர்டைத்தான் தட்டினேன். திறந்தது. மேலே ‘வணக்கம்’ என்று தங்கள் பெயர் வந்தது. பதவி வந்ததும் பணிவும் வந்துவிட்டது போல, எல்லாருக்கும் வணக்கம் சொல்கிறாள் என்று நினைத்து வேலையைப் பார்த்தேன். ஊசியைப் பதிவு செய்த பிறகுதான் விஷயம் புரிந்தது. டியூட்டி டாக்டரைக் கூப்பிட்டுக் காகிதத்தில் திருத்தி எழுதி வாங்கிவிட்டேன். குழந்தைக்கு ஒரு குறையும் இல்லை.

திரையில் வேறு சிலதும் இருந்தன. மருத்துவமனை ஊழியர் அத்தனை பேரின் பட்டியல், ஒவ்வொருவர் பக்கத்திலும் ‘முடக்கு’ என்று ஒரு பட்டன். இயக்குநர் பெயருக்குப் பக்கத்திலும் இருந்தது. கை அரித்தது உண்மை. தொடவில்லை.

மருத்துவமனை ஈமெயிலில் எழுதலாம் என்றால், அதைத் திறந்தாலும் தங்கள் ஈமெயில்தான் வருகிறது. தங்கள் போன் நம்பரை என் போனில் என்ன செய்து வைத்திருக்கிறேன் என்பது தங்களுக்கே தெரியும். அதனால் ரத்த மாதிரிகளைத் தலைமை லேபுக்கு எடுத்துப் போகும் வண்டியில் இந்தக் காகிதத்தைக் கொடுத்து அனுப்புகிறேன். வண்டி ஓட்டும் பைலட் அண்ணன் இதை ஐஸ் பெட்டியில்தான் வைப்பாராம். சூடான கடிதம், ஆறட்டும்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். இந்த மாதக் கடைசிக்குள் புது முறைக்கு மாறாத வார்டில் பொறுப்பு நர்ஸ் மாற்றப்படுவார் என்று இயக்குநர் சொல்லிவிட்டார். என் வார்டை இந்த லட்சணத்தில் மாற்ற நான் சம்மதிக்க மாட்டேன். ராஜினாமா எழுதி லாக்கரில் வைத்திருக்கிறேன். தேதி மட்டும்தான் போடவில்லை.

இப்படிக்கு,
பொறுப்பு நர்ஸ்

பி.கு: தங்கள் ஈமெயிலில் கண் மருத்துவமனையிலிருந்து ஏதோ வந்திருந்தது. உள்ளே படிக்கவில்லை. கண்ணுக்கு என்ன?


மார்ச் 4, புதன்

மதிப்பிற்குரிய பொறுப்பு நர்ஸ் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் ஜில்லென்று கிடைத்தது.

ஒருவர் தன் எண்ணைப் போட்டு இன்னொருவராக உள்ளே போவது இந்தச் சேவையில் நடக்காது. அது நடக்கக் கூடாது என்பதற்காகத்தான் இதையே வாங்கினோம். யாரோ திறந்து மூடாமல் விட்டுப் போன கம்ப்யூட்டரில் நீங்கள் உட்கார்ந்திருப்பீர்கள். ஒருவர் திறக்க, எல்லாரும் புழங்குவது உங்கள் வார்டின் வழக்கம்தானே.

வார்டு மாறுவது பற்றி: ஆளுக்கு ஒரு லாகின், அதை உறுதிசெய்ய அவரவர் போனுக்கு ஒரு ஓடிபி. மற்ற வார்டுகள் எல்லாம் ஒப்புக்கொண்டுவிட்டன. ராஜினாமா உங்கள் விருப்பம்.

கண்ணுக்கு ஒன்றுமில்லை. பிறர் ஈமெயிலின் தலைப்பைப் படிப்பதும் விதிமீறல்.

இப்படிக்கு,
தலைவி, கணினிப் பிரிவு


மார்ச் 6, வெள்ளி

தலைவி அம்மாவுக்கு,

மரியாதையை இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். எழுதக் கை வலிக்கிறது.

அந்தக் கம்ப்யூட்டரில் எனக்கு முன்னால் யாருமே உட்காரவில்லை. அட்டைப் பெட்டியைப் பிரித்து வைத்ததே நான்தான். பிளாஸ்டிக் உறையைக்கூட நான்தான் உரித்தேன். இன்று மறுபடி போட்டுப் பார்த்தேன். மறுபடியும் நீ. என்னை நம்பாவிட்டால் போகட்டும், உன் கம்ப்யூட்டரையாவது நம்பு.

எங்கள் வார்டின் வழக்கத்தைப் பற்றி எழுதியிருக்கிறாய். அந்த வழக்கம் எப்படி வந்தது என்று ஒருநாளாவது கேட்டாயா? உள்ளங்கை அளவு குழந்தைகள் இருக்கிற அறை அது. முழங்கை வரை கழுவி, கையுறை போட்டுத்தான் உள்ளே போக முடியும். போன் வெளியே லாக்கரில். உள்ளே கொண்டுபோகக் கூடாது என்று சுவரில் எழுதி ஒட்டியிருப்பது உங்கள் தலைமை அலுவலகம்தான். ஒரு குழந்தைக்கு மூச்சு இழுக்கிறது என்றால், போன மருந்து எத்தனை மணிக்கு என்று உடனே பார்க்க வேண்டும். அப்போது நான் கையுறையைக் கழற்றி, லாக்கருக்கு ஓடி, ஓடிபி வாங்கி, திரும்பிக் கை கழுவி வரவேண்டுமா? அவசரத்தில் அண்டாவுக்குள்ளும் கை நுழையாது என்பார்கள். உன் லாகினுக்குள் எப்படி நுழையும்? அதனால்தான் ஷிப்டுக்கு முதலில் வருகிறவள் ஒரே பாஸ்வேர்டைப் போட்டுத் திறந்து வைப்பாள். நாங்கள் அதைக் ‘கடை திறப்பது’ என்போம். தப்புதான், தெரியும். ஆனால் அந்தத் தப்பில் ஒரு குழந்தையும் காத்திருந்ததில்லை.

நம் பேச்சு நின்றுபோன அந்த மீட்டிங்கைப் பற்றி நான் எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். நீயே வாயைக் கிளறிவிட்டாய். ‘பாதுகாப்பில் நாம் செய்யும் தவறுகள், படம் ஒன்று’ என்று என் வார்டை ஏன் போட்டாய்? கம்ப்யூட்டர் ஓரத்தில் ஒட்டியிருந்த பாஸ்வேர்ட் சுவர் அளவுக்குப் பெரிதாக வந்தது. ‘வாலு’. பக்கத்தில் நாலு எண். "யாருப்பா அந்த வாலு?" என்று பின்வரிசையில் யாரோ கேட்க, மண்டபமே சிரித்தது. அந்த வாலு மைக்கைப் பிடித்துக்கொண்டு மேடையில் நிற்கிறாள் என்று தெரிந்தவள் அங்கே நான் ஒருத்திதான். நீ அடுத்த படத்துக்குப் போய்விட்டாய்.

வார்டில் வருகிறவர் போகிறவர் எல்லாருக்கும் நான் சிஸ்டர். உனக்கு மட்டும் நான் படம் ஒன்று.

அக்கா


மார்ச் 9, திங்கள்

அக்கா,

நீ சொன்னது சரி. நான் எழுதியது தப்பு. அதை முதலில் எழுதிவிட்டுத்தான் மற்றதை எழுத வேண்டும் என்று இரண்டு காகிதத்தைக் கிழித்துவிட்டேன்.

உன் இரண்டாவது கடிதத்துக்குப் பிறகு சேவையின் உள் பதிவுகளை எடுத்துப் பார்த்தேன். இந்த மருத்துவமனையில் நோயாளி பதிவு, லேப், மருந்தகம், ஈமெயில் என்று ஏகப்பட்ட மென்பொருள்கள், ஒவ்வொன்றுக்கும் தனிப் பூட்டு. எல்லாவற்றுக்கும் ஒரே வாசல் வைத்து, ‘நீ யார், எதுவரை போகலாம்’ என்று பார்க்க ஒரு காவலாளியை நிறுத்துவதுதான் நான் செய்கிற வேலை. பழைய பட்டியல்களிலிருந்து ஆட்களை அங்கே கொண்டுவரும்போது, ஒரே ஆள் லேப் பட்டியலில் ஒருமுறை, சம்பளப் பட்டியலில் ஒருமுறை என்று இரண்டு பேராக வந்துவிடுவார். அதற்கு ஒரு செட்டிங் உண்டு. சொந்த ஈமெயில் ஒன்றாக இருந்தால் ஆளும் ஒன்று, சேர்த்துவிடு என்று. அதை ஆன் செய்தது நானேதான்.

நம் இருவரின் சொந்த ஈமெயில் எது, சொல். நீ நர்சிங் சேர்ந்த வருஷம் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து நான் திறந்து கொடுத்தேனே, ‘ஒரு வீட்டுக்கு எதுக்கு ரெண்டு?’ என்று நீ சொன்னாயே, அதே முகவரி. வேலைக்குச் சேர்ந்தபோது நீ அதைக் கொடுத்திருக்கிறாய். பல வருஷம் கழித்து நானும் அதையே கொடுத்திருக்கிறேன். காவலாளி நம்மைப் பார்த்தான், ஒரே ஆள் என்று முடிவு செய்தான். இரண்டில் பெரிய அதிகாரம் எதுவோ அதை அந்த ஒரே ஆளுக்குக் கொடுத்துவிட்டான். ஊருக்கெல்லாம் பாஸ்வேர்ட் பாடம் எடுக்கிறவள், தன் அக்காவோடு பங்கு போட்ட ஈமெயிலை மறந்துவிட்டாள்.

நாம் மட்டும் இல்லை. ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவரும் லேபில் இருக்கும் அவர் மனைவியும் ஒரே ஆளாக இருக்கிறார்கள். பில் கவுன்டர் அம்மாவும், பிசியோதெரபியில் இருக்கும் அவர் மருமகளும்கூட. அந்த இருவருக்கும் விஷயம் தெரிந்தால் கோர்ட்டுக்கே போவார்கள். செட்டிங்கை நிறுத்திவிட்டேன். ஒவ்வொருவராகப் பிரித்துக்கொண்டிருக்கிறேன். நீ எழுதாமல் விட்டிருந்தால், எல்லாரும் புது முறைக்கு மாறும் ஒன்றாம் தேதி மருத்துவமனை முழுக்க யார் யாருடைய பெயரிலோ மருந்து கொடுத்திருப்பார்கள். இயக்குநரிடம் போய் நானே சொல்லிவிட்டேன். யார் கண்டுபிடித்தது என்றும் சொன்னேன்.

இனி அந்தப் படம். தெரிந்துதான் போட்டேன். வேறு வார்டின் படத்தைப் போட்டால் ‘அக்கா வார்டை மறைச்சிட்டா’ என்பார்கள் என்று பயந்தேன். ஆனால் அந்தச் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று நான் படிக்கவில்லை, அக்கா. சின்னத் திரையில் அது வெறும் மஞ்சள் புள்ளி. சுவரில் விழுந்தபோதுதான் நானும் பார்த்தேன். அடுத்த படத்துக்குப் போகாவிட்டால் அங்கேயே அழுதிருப்பேன். அதை ஏன் பாஸ்வேர்டாக வைத்தாய்?

தங்கை

பி.கு: கண்ணாடி போட்டிருக்கிறேன். அவ்வளவுதான்.


மார்ச் 11, புதன்

தங்கைக்கு,

கண்ணாடியை முன்பே போட்டிருந்தால் அந்த மஞ்சள் புள்ளி தெரிந்திருக்கும்.

படம் போட்டதற்கு நீ சொன்ன காரணம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் மனம் ஆறவில்லை. அதற்கு முன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "அக்கா, உன் வார்டைத்தான் போடப் போறேன், பல்லைக் கடிச்சுக்கோ" என்று சொல்லியிருந்தால் நான் முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டியிருப்பேன்.

நாம் ஒரே ஆளாகிப் போன கதையை அம்மாவிடம் சொன்னேன். அம்மா பாத்திரம் துலக்குவதை நிறுத்தவே இல்லை. "அந்தக் கம்ப்யூட்டர் சொன்னதுல என்ன தப்பு? ரெண்டு பேருக்கும் ஒரே பிடிவாதம், ஒரே வாய். நான் பெத்தப்பவே தெரியும்" என்றாள். உன் காவலாளிக்கு அம்மாவின் ஆசி உண்டு.

பாஸ்வேர்டைப் பற்றிக் கேட்டாய். எந்தப் பதற்றத்திலும் மறக்காத ஒரு சொல் வேண்டும் என்று யோசித்தேன். எனக்கு அப்படி மறக்காதது அதுதான். அதற்கு மேல் காரணம் ஒன்றும் இல்லை.

இப்போது என் பெயரிலேயே உள்ளே போகிறேன். முடக்கும் பட்டன்கள் போய்விட்டன. கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் ஓடிபி விஷயம் அப்படியே நிற்கிறது. ஆளுக்கு ஒரு லாகின் வேண்டும் என்பதை மூன்றாம் தொட்டில் எனக்கே காட்டிவிட்டது, அதில் உன் பக்கம்தான் நியாயம். ஆனால் போன் இல்லாமல், கையால் தொடாமல், கண்ணிமைக்கும் நேரத்தில் திறக்க வேண்டும். ஒரு திரையில் விட்ட இடம் அடுத்த தொட்டிலின் திரையிலும் அப்படியே வர வேண்டும். முடியுமானால் சொல். முடியாவிட்டால் ராஜினாமாவுக்குத் தேதி போட்டுவிடுகிறேன், இதில் வீம்பு ஒன்றும் இல்லை.

அக்கா


மார்ச் 16, திங்கள்

அக்கா,

முடியும் என்று நினைக்கிறேன். தேதி போடாதே.

உங்கள் வார்டுக் கதவைத் திறக்க ஒரு கார்டு வைத்திருக்கிறீர்கள் அல்லவா? அதற்குள்ளேயே ஒரு சிப் இருக்கிறது. அதை உங்கள் பெயரோடு இந்தச் சேவையில் பதிந்துவிடலாம். ஷிப்டு ஆரம்பத்தில், கை கழுவுவதற்கு முன், ஒருமுறை கார்டைக் காட்டி ரகசிய எண்ணைத் தட்ட வேண்டும். அதற்குப் பிறகு அந்த ஷிப்டு முழுக்கக் கார்டைக் காட்டினால் மட்டும் போதும், விட்ட பக்கமே திறக்கும். விலகிப் போனால் தானே மூடிக்கொள்ளும். போன் வேண்டாம்.

இதற்குத் தனி விதி எழுத வேண்டும். ‘பச்சிளங்குழந்தை வார்டு என்ற குழுவில் இருப்பவருக்கு ஓடிபி செல்லாது, கார்டு மட்டுமே செல்லும்’ என்று. மற்ற வார்டுகளுக்கு ஓடிபியே இருக்கும். ஒரு வார்டுக்காக விதியை வளைப்பதா என்று என் பிரிவிலேயே முணுமுணுப்பு. வளைக்கவில்லை, இன்னும் கடுமையாக்குகிறேன், கார்டைத் திருடினாலும் ரகசிய எண் வேண்டும் என்று சொல்லி வாயை அடைத்தேன்.

பைலட் அண்ணனிடம் கார்டு ரீடர்களை அனுப்புகிறேன். மேஜை மேல் வைத்துப் பார்த்துவிட்டுச் சொல்.

தங்கை


மார்ச் 20, வெள்ளி

தங்கைக்கு,

ரீடர் வந்தது. நீ சொன்னபடி மேஜை மேல் வைத்தோம். முதல் நாளே தோல்வி. கார்டைக் கழுத்தில் தொங்கவிடக் கூடாது, குழந்தையின் மேல் படும். அதனால் சட்டைப் பையில்தான் கிடக்கும். பையிலிருந்து எடுத்தால் கையுறை அழுக்கு. தொடாமல் எப்படிக் காட்டுவது என்று எல்லாரும் மேஜையைச் சுற்றி நின்று யோசித்தோம்.

பிறகு நான் ஒரு வேலை செய்தேன். மேஜை விளிம்புக்குக் கீழே, இடுப்பு உயரத்தில், ரீடரைப் பிளாஸ்திரி போட்டு ஒட்டினேன். சட்டைப் பையோடு லேசாக ஒரு இடி. ‘கிளிக்’. திறந்துவிட்டது!

இப்போது என் வார்டு முழுக்க இடுப்பால் லாகின் செய்கிறது. வெளியிலிருந்து கண்ணாடி வழியே பார்க்கிறவர்களுக்கு நாங்கள் ஆட்டம் கற்றுக்கொள்வதாகத் தோன்றும். எங்களில் உயரமான ஒருத்தி மட்டும் ஒவ்வொரு முறையும் முழங்காலை மடக்கி வணங்கிவிட்டுத்தான் உள்ளே போகிறாள். குழந்தைகளின் டாக்டர் நேற்று தன் பையில் இருந்த பர்ஸை வைத்து இடித்துக்கொண்டே நின்றார், கார்டு கோட்டில் இருந்தது.

மூன்றாம் தொட்டில் நேற்று எடை கூடியிருக்கிறான். பதிவில் என் பெயர்தான் இருக்கிறது. கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை வருஷத்தில் நான் செய்த வேலைக்கெல்லாம் ‘வார்டு’ என்றுதான் பெயர் போயிருக்கிறது. என் பெயர் வருவது எனக்குப் பிடித்திருக்கிறது, சொல்லிவிட்டேன்.

ராஜினாமா இன்னும் லாக்கரில்தான். ஒன்றாம் தேதி காலை தாண்டட்டும்.

அக்கா


மார்ச் 24, செவ்வாய்

அக்கா,

உங்கள் இடுப்பு முறையைச் செய்முறை விளக்கத்தில் எழுத முயன்றேன். ‘ஊழியர் பக்கவாட்டில் மெல்ல அணுக வேண்டும்’ என்று எழுதி முடித்தேன்.

இந்தக் கடிதத்தோடு சீல் வைத்த உறை ஒன்று வருகிறது. பிரிக்காதே, முதலில் படி.

இந்த மாதிரிச் சேவையில் ஒரு அவசர லாகின் கணக்கு வைத்தாக வேண்டும். காவலாளியே குழம்பி எல்லாரையும், என்னையும் சேர்த்து, வெளியே நிறுத்திவிட்டால் உள்ளே போக அது ஒன்றுதான் வழி. எந்த விதியும் அதற்குப் பொருந்தாது. அதனால் அதன் பாஸ்வேர்டை ஒருவரிடம் முழுதாகக் கொடுக்கக் கூடாது. நீளமாக ஒன்றை உண்டாக்கி, இரண்டாக வெட்டி, வேறு வேறு கட்டிடத்தில் இருக்கும் இரண்டு பேரிடம் கொடுப்போம். ஒரு பாதி என்னிடம். மறு பாதிக்கு யார் என்று மீட்டிங் நடந்தது. எந்த நேரமும் யாராவது விழித்திருக்கும் இடம், எதையும் தொலைக்காத ஆள் என்று நான் உன் பெயரைச் சொன்னேன்.

பாதுகாப்பைச் சரிபார்க்க வந்திருந்த ஆடிட்டர் குதித்தார். "அக்கா தங்கச்சியா? கூட்டு சேர்ந்துட்டா என்ன பண்றது? கூட்டு சேர முடியாத ரெண்டு பேர்தான் வேணும்."

இயக்குநர் அமைதியாகச் சொன்னார்: "கவலையே படாதீங்க. அவங்க ரெண்டு பேரும் பேசிக்கிறதே இல்ல. இந்த ஆஸ்பத்திரியிலயே இவ்வளவு பாதுகாப்பான ஜோடி கிடைக்காது."

ஆடிட்டர் திருப்தியோடு கையெழுத்துப் போட்டுவிட்டார். எனக்குத்தான் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பக்கத்து அறைக்குப் போய்க் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டேன்.

தங்கை


மார்ச் 30, திங்கள்

தங்கைக்கு,

உறையை வார்டின் மருந்துப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டிவிட்டேன். நம் சண்டையாலும் மருத்துவமனைக்கு ஒரு நன்மை என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா இந்த முறை பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டாள். "இத்தோட நிறுத்துங்கடி" என்று மட்டும் சொன்னாள்.

நாளை மறுநாள் முழு மருத்துவமனையும் மாறுகிறது. நீ சரியாகச் சாப்பிட்டிருக்க மாட்டாய். சாப்பிடு.

உன் விதி என் வார்டில் நிற்குமா என்று ஒரு பயம் இருக்கத்தான் செய்கிறது. வேலை போவதை நினைத்து இல்லை. என் வார்டுப் பெண்களில் ஒவ்வொருத்தியும் இப்போது தன் பெயர் திரையில் வருவதைப் பார்த்துச் சிரிக்கிறாள். அதைத் திரும்பப் பிடுங்கிவிடக் கூடாது.

அக்கா


ஏப்ரல் 1, புதன்

அக்கா,

பேசிவிட்டோம். ஆனாலும் எழுதுகிறேன். போனில் நான் சொல்லாதது ஒன்று இருக்கிறது.

காலையில் எல்லாம் ஒழுங்காகத்தான் திறந்தது. மருந்தகம், லேப், கவுன்டர் எல்லாம் உள்ளே போய்விட்டன. நான் சும்மா இருந்திருக்கலாம். உன் வார்டு விதியை மறுபடி ஒரு தடவை பார்த்துவிடுவோம் என்று அதைத் திறந்தேன். குழுக்களின் பட்டியல் விரிந்தது. அதில் முதலில் இருப்பது ‘எல்லாரும்’. உன் வார்டு அதற்குக் கீழே. என் விரல் எதன் மேல் பட்டது என்று பார்க்காமலே சேமித்துவிட்டேன். உன் வார்டுக்கு எழுதிய விதி மொத்த மருத்துவமனைக்கும் போய்விட்டது. அடுத்த நொடியிலிருந்து கார்டு பதியாத எவருக்கும் கதவு திறக்கவில்லை. இயக்குநருக்கு இல்லை, மருந்தகத்துக்கு இல்லை, எனக்கும் இல்லை. திருத்தலாம் என்று போனால் ‘உங்கள் கார்டைக் காட்டவும்’ என்கிறது என் காவலாளி. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதை நான் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்தேன்.

மருத்துவமனை முழுக்கக் காகிதத்தை எடுத்தார்கள். அந்த நேரத்தில் உள்ளே இருந்தது உன் வார்டு ஒன்றுதான். எந்த வார்டைச் சுவரில் காட்டி எல்லாரையும் சிரிக்க வைத்தேனோ, அந்த வார்டு.

உன் போனுக்கு அடித்தேன். வழக்கம் போலப் போகவில்லை. அதனால்தான் வார்டு போனுக்கு அடித்தேன். உறைக்காக மட்டும் அடிக்கவில்லை, அக்கா. என் பாதி என் கையில் இருந்தது, பிரிக்கத் தெரியாமல் நின்றேன். உன் குரல் கேட்டால் தைரியம் வரும் என்று தோன்றியது. இதைத்தான் போனில் சொல்லவில்லை.

விதியைத் திருத்தியதும் எல்லாரும் உள்ளே வந்துவிட்டார்கள். இயக்குநரிடம் போய் நடந்ததை அப்படியே சொன்னேன். "யானைக்கும் அடி சறுக்கும்னு சொல்வாங்க. நீங்க எங்க எல்லாரையும் சேர்த்துல்ல சறுக்க விட்டீங்க?" என்றார். பிறகு தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். நாளை உன் வார்டுக்கு வருகிறாராம்.

தங்கை


ஏப்ரல் 2, வியாழன்

வாலுவுக்கு,

"பெரிய சிஸ்டர், ஐடில இருந்து ஒரு அம்மா அழுதுட்டே பேசுறாங்க" என்று எங்கள் பெண் ஒருத்தி வந்து சொன்னபோதே தெரிந்துவிட்டது. நீ சின்ன வயதிலும் மூக்கால்தான் அழுவாய்.

என் பாதியை ஒவ்வொரு எழுத்தாக நான் படிக்க, "பெரிய எழுத்தா, சின்ன எழுத்தா?" என்று நீ கேட்க, "பெருசுன்னா பெருசுன்னு சொல்ல மாட்டேனா?" என்று நான் கத்த, "முன்னாடியே சொல்லணும்" என்று நீ திருப்பிக் கத்த, வார்டில் எல்லாரும் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். இத்தனை மாதம் கழித்து நாம் பேசிய முதல் பேச்சு அது. எனக்கு அது போதுமாக இருந்தது. போனை வைத்த பிறகு கை கழுவும் இடத்தில் நின்று நானும் கொஞ்சம் அழுதேன். உன் மேல் எனக்கு இனிக் கோபம் இல்லை.

இயக்குநர் இன்று வந்தார். கண்ணாடிக்கு வெளியே நின்று எங்கள் இடுப்பு ஆட்டத்தைப் பார்த்தார். அறுவை அரங்குக்கும் இதே மாதிரி வேண்டும் என்றார். நான் இங்கேயே இருக்கிறேன். ராஜினாமாவைக் கிழித்துவிட்டேன். தேதி போடாத காகிதம், கிழிப்பதும் சுலபமாக இருந்தது.

ஒரு யோசனை. நாம் பேசிக்கொள்கிறோம் என்று தெரிந்தால் அந்த ஆடிட்டர் உறையை என்னிடமிருந்து வாங்கிவிடுவார். எனக்கு அது பெட்டகத்தில் இருப்பது பிடித்திருக்கிறது. அதனால் வெளியில் சண்டையாகவே இருக்கட்டும். நடைபாதையில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள், நானும் திருப்பிக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா. அம்மா வாசலையே பார்க்கிறாள்.

ஒரே ஒரு குறைதான். கார்டு வந்த பிறகு என் வார்டில் உன் பெயரை யாரும் தட்டுவதில்லை. ஷிப்டு மாறும்போதெல்லாம் யாராவது ஒருத்தி உன் பெயரைச் சொல்லிக்கொண்டே தட்டுவாள். காதுக்குப் பழகிப்போயிருந்தது.

அக்கா


ஏப்ரல் 3, வெள்ளி

அக்கா,

அப்படியெல்லாம் ஏமாற்ற முடியாது. நான் பாதுகாப்பு பார்க்கிறவள்.

உன் உறை செல்லாது, நேற்றே புது பாஸ்வேர்ட் போட்டுவிட்டேன். மறு பாதி இனி மருந்தகத் தலைவரிடம் இருக்கும். அவருக்கும் எனக்கும் நிஜமாகவே ஆகாது. உறை வைத்திருப்பவரை மாற்றினால் ஆடிட்டருக்குக் காரணம் எழுதித் தர வேண்டும். ‘இருவரும் பேச ஆரம்பித்துவிட்டார்கள்’ என்று எழுதினேன். அவர் இரண்டு தடவை படித்துவிட்டு, "ஏத்துக்க வேண்டிய காரணம்தான்" என்று கையெழுத்துப் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். அதற்குள் உன் போனில் முடக்கி வைத்த என் நம்பரைத் திறந்துவிடு. என் பெயரை யாரும் தட்ட வேண்டாம். நீ கூப்பிடு, போதும்.

வாலு